மிதியும் பிடியும்

மனிதன் படைத்த பொறிகளுள் மனிதனின் ஆற்றலையே உண்டு ஓடும் பொறி மிதிவண்டி. அதற்கு எண்ணெய் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஓட்டுபவர் காலையில் உண்ட கம்பங்கூழ் போதும்! அந்தப் பொறியும் நம் உடலும் மூன்றே இடங்களில் ஒன்றை ஒன்று தொடுகின்றன. இருக்கை ஒன்று, கைப்பிடி ஒன்று, பெடல் ஒன்று. முதல் இரண்டும் உடலைத் தாங்குகின்றன. மூன்றாவதுதான் உடலின் உழைப்பை வாங்கிக்கொள்கிறது. ஆயினும் சைக்கிள் வாங்கப் போகும் எவரும் பெடலைப் பார்ப்பதில்லை. நிறம் பார்ப்பர்; கியர் எத்தனை என்று கேட்பர்; மணியை அடித்துப் பார்ப்பர். பெடலோ, கடைக்காரர் எதை மாட்டித் தந்தாரோ அதுதான். அதன்மேல் வைக்கும் காலில் என்ன அணிவது என்ற எண்ணமும் எழுவதில்லை.

கல்லூரி மலருக்குப் பயணக் கட்டுரை எழுதுவோர் பலர். கவிதை எழுதுவோர் அதனினும் பலர். பெடலையும் காலணியையும் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். எனக்கோ சென்ற ஆண்டில் நான்கு மாதங்கள் இதே சிந்தனைதான். அதில் என் தாயாரின் அச்சமும், என் கைப்பணமும், தம்பியின் செருப்பும் கலந்திருந்தன. ஆகவே சொல்லத் துணிந்தேன்.

என் ஊர் சென்னிமலைக்குத் தெற்கே, கீழ்பவானி வாய்க்காலை ஒட்டிய சிற்றூர். அங்கிருந்து நம் கல்லூரி 17 கிலோமீட்டர். முதல் 5 கிலோமீட்டர் இட்டேரி. கொங்கு நாட்டார்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. பிற மாவட்ட நண்பர்களுக்காகச் சொல்கிறேன். இருபுறமும் கிளுவை வேலி அடைத்த கொறங்காடுகளுக்கு நடுவே செல்லும் ஒடுங்கிய வழியே இட்டேரி. காலடியில் சரளை, வேலி ஓரத்தில் நெருஞ்சி, மேலே வெள்வேல மரம், அது உதிர்க்கும் முள் விரல் நீளம் இருக்கும். அடுத்த 4 கிலோமீட்டர் வாய்க்கால் கரை. செம்மண்ணும் சரளையும் கலந்த பாதை. ஒரு பக்கம் வயல், மறு பக்கம் தண்ணீர். எஞ்சிய 8 கிலோமீட்டர்தான் தார்ச்சாலை.

இப்படிப்பட்ட பாதையில் சைக்கிள் ஓட்டுவதை இன்று உலகெங்கும் ‘கிராவல் சைக்கிளிங்’ என்று பெயரிட்டுப் பெரும் விளையாட்டாகக் கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்றோர் ஊர். அதைச் சுற்றியுள்ள புல்வெளிக் குன்றுகளின் கூர்ங்கல் பாதைகளில் 200 மைல் பந்தயம் ஒன்றை 2006இல் தொடங்கினார்கள். இப்போது ‘அன்பவுண்ட்’ என்ற பெயரில் நடக்கும் அப்பந்தயத்திற்குப் பல நாட்டு வீரர்கள் வருகிறார்கள். நாம் பால் ஊற்றவும் பள்ளிக்குப் போகவும் ஓட்டியதை அவர்கள் பந்தயமாக ஓட்டுகிறார்கள். பாதை என்னவோ ஒன்றுதான்!

பதினொன்றாம் வகுப்பில் அரசு தந்த விலையில்லா மிதிவண்டியில்தான் நான் பள்ளி சென்று வந்தேன். கல்லூரிக்கு வந்த பின், திருப்பூரில் வேலை பார்க்கும் என் சித்தப்பா, உடல் எடையைக் குறைக்க வாங்கித் துணி காயப்போடப் பயன்படுத்தி வந்த கியர் சைக்கிளை எனக்கே தந்துவிட்டார். டயர் சற்று அகலம், சரளைக்கு ஏற்றது. அதன் பெடல் மட்டும் வழுவழுப்பான ரப்பர் கட்டை. ஒரு மழை பெய்தால் மிதித்த கால் முன்னே சறுக்கி, பெடல் திரும்பி வந்து முழங்காலுக்குக் கீழே அடிக்கும். அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன.

ஈரோட்டிலிருந்து ஞாயிறுதோறும் எங்கள் கரை வழியே ஒரு சைக்கிள் குழுவினர் போவார்கள். சில வாரம் அவர்களோடு சேர்ந்து ஓட்டினேன். “ஐப்பசியில் ஒருநாள் வாய்க்கால் கரையோடு 80 கிலோமீட்டர் போகிறோம். நீங்களும் வாங்க” என்று அழைத்தார்கள். என் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் அவர்கள் என் காலைப் பார்த்த பார்வையில் ஒரு தயக்கம் இருந்தது. அவர்கள் எல்லோரும் காலைப் பெடலோடு பூட்டி ஓட்டுபவர்கள். “80 கிலோமீட்டர் சரளையில் கால் துள்ளிக்கொண்டே இருக்கும். பூட்டாமல் வந்தால் பாதி வழியில் களைத்துப் போவீர்கள்” என்றார் ஒருவர். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு.

இங்கே பெடல் வகைகளைச் சற்றே சொல்ல வேண்டும். நாம் எல்லோரும் அறிந்தது தட்டைப் பெடல். அதிலேயே அகலமான தட்டில் சிறு ஆணிமுனைகள் பதித்து, செருப்படியைப் பற்றிக்கொள்ளும்படி செய்ததும் உண்டு. பழைய பந்தய வீரர்கள் பெடலின் முன்னே ஓர் உலோகக் கூண்டு வைத்து, அதனுள் காலை நுழைத்து வாரால் இறுக்கிக்கொண்டார்கள். அக்கூண்டின் பெயர் ‘டோ கிளிப்’. பின்னர், பனிச்சறுக்குக் கட்டைகளில் காலணியைப் பூட்டும் கருவி செய்துவந்த பிரான்சு நாட்டு ‘லுக்’ நிறுவனம், அதே முறையில் ஒரு பெடலைச் செய்தது. காலணியின் அடியில் ‘கிளீட்’ என்னும் துண்டு. பெடலில் வில் வைத்த வாய். மிதித்தால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும், குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் விடும். 1985இல் பெர்னார் ஈனோ இத்தகைய பெடலோடு பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தை வென்றதும் உலகமே அதன் பக்கம் திரும்பியது. கூண்டாகிய கிளிப் இல்லாததால் இதற்குக் ‘கிளிப்லெஸ்’ என்று பெயர். காலை இறுகப் பற்றும் பெடலுக்குப் பிடியற்றது என்பதுபோல் ஒரு பெயர்! மொழித்துறைப் பேராசிரியர்கள் ஆராயத் தக்கது.

கிளீட்டிலும் இருவகை. தார்ச்சாலைக்கு உரியது மூன்று திருகில் பொருந்தும்; காலணிக்கு அடியில் துருத்தி நிற்கும்; நடந்தால் வாத்துநடைதான். சப்பானின் சிமானோ நிறுவனம் 1990இல் மலைச் சைக்கிள்களுக்குக் கொண்டுவந்தது இரு திருகில் பொருந்துவது, சிறியது, காலணியின் ரப்பர் பற்களுக்கு நடுவே பள்ளத்தில் அமர்ந்துவிடும். இறங்கி நடக்கலாம். சரளையில் ஓட்டுவோர் பெரும்பாலும் விரும்புவது இதைத்தான். ஏனெனில் சரளைப் பாதையில் நடப்பதும் ஒரு பகுதி. 2023இல் எம்போரியா பந்தயத்தில் சேறு சக்கரங்களை இறுக்கிக்கொள்ள, பெரும் வீரர்களும் சைக்கிளைத் தோளில் சுமந்து நடக்க நேர்ந்தது.

குழுவில் ஒரு வங்கி ஊழியர். அக்கா என்றே அழைப்பேன். என் கால் அளவும் அவர் கால் அளவும் ஒன்று. தம் பழைய பூட்டுப் பெடலையும் காலணியையும் மூன்று வாரத்திற்கு எனக்குத் தந்தார். “ஓட்டிப் பாருங்க, அப்புறம் வாங்குங்க” என்றார். அந்தப் பெருந்தன்மையை நான் மறவேன்.

வீட்டில் அதைக் கண்டதும் அம்மா கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது கால எதுக்குக் கண்ணு புடிச்சுக்குது?” என்றார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:

“வாய்க்கால்ல உளுந்தா, காலு வருமா?”

என்னிடம் விடை இல்லை. கீழ்பவானி வாய்க்கால் பவானிசாகரிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி எங்களுக்குச் சோறு போடுகிறது. வழக்கமாக ஆகஸ்டு நடுவில் தண்ணீர் திறந்துவிட்டால் கரை ததும்ப ஓடும். எங்கள் ஊரில் அத்தண்ணீருக்குப் பறிகொடுத்த வீடுகள் உண்டு. அம்மாவின் கேள்வி அறியாமையில் பிறந்ததன்று. ஒரு பெடலைப் பற்றி எந்த விளம்பரமும் கேட்காத, ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது. அதற்கு விடை சொல்லாமல் 80 கிலோமீட்டர் பயணத்திற்கு இசைவு கிடைக்காது என்பதும் தெரிந்தது.

நான் படிப்பது இயற்பியல். கேள்விக்கு விடை வாயால் சொல்வதன்று, செய்து காட்டுவது என்று நம் துறையில் கற்பிக்கிறார்கள். எனவே இரண்டு சோதனைகள் செய்தேன்.

முதல் சோதனை எண்ணிக்கை. கல்லூரிக்குப் போகும் வழியில் கால் எத்தனை முறை தரையில் ஊன்றுகிறது என்று ஆறு நாள் குறித்தேன். கொறங்காட்டுப் படலைத் திறந்து மூட, எதிரே வரும் எருமைக்கு வழிவிட, மதகுத் திண்டில் ஏற, முன் சக்கரம் உருண்டைக் கல்லில் வழுக்கும்போது தடுக்க என்று எல்லாமே கணக்கு. இட்டேரியில் 71, வாய்க்கால் கரையில் 45, தார்ச்சாலையில் 18, ஆக 134. நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 முறை. தார்ச்சாலை தூரத்தில் பாதியளவு. ஊன்றியதோ ஏழில் ஒன்றுக்கும் குறைவு. என் பாதையில் பெடலுக்குக் காலைப் பிடிக்கும் வேலையைவிட விடும் வேலைதான் மிகுதி என்று விளங்கியது.

இரண்டாம் சோதனை களத்தில் நடந்தது. சோளத்தட்டைப் பரப்பி அதன்மேல் விழுவதென்று ஏற்பாடு. பூட்டுப் பெடலின் வில்லை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்திவிட்டேன். முதலில், விழப் போகிறேன் என்று அறிந்தே பத்து முறை சாய்ந்தேன். பத்திலும் கால் வந்தது. அடுத்து, தம்பி பின்னால் வந்து சொல்லாமல் தள்ள வேண்டும். நான் அப்போது பதினேழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொண்டு ஓட்ட வேண்டும். அவனுக்கோ அக்காளைத் தள்ள இப்படி ஒரு நல்வாய்ப்பு மறுபடி வருமா! பத்தில் ஏழு முறை கால் விடுபட்டது. மூன்று முறை சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தேன். அதே சோதனையைத் தட்டைப் பெடலில் செய்தபோது பத்துக்குப் பத்து.

அம்மா திண்ணையில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. “மூணு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. “மூன்று மாதம் பழகினால் குதிகால் தானாகத் திரும்பும். எனக்கும் அப்படித்தான் வந்தது” என்றார். உண்மைதான். பூட்டுப் பெடலின் சிறப்பையும் நான் நேரில் கண்டேன். வண்டித்தடம் வரிவரியாய்க் குலுக்கும் இடத்தில் கால் சிறிதும் துள்ளவில்லை. மேட்டில் மிதி சீராக இருந்தது. பூட்டினால் மேலேறும் காலாலும் இழுத்து இருமடங்கு ஆற்றல் பெறலாம் என்பார்கள் சிலர். அது மிகைக் கூற்று. சீரான வேகத்தில் ஓட்டும்போது வலிந்து இழுப்பதால் உடலின் செலவு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை என்று அளந்து பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அதன் உண்மையான நன்மை, கால் வைத்த இடத்தில் நிற்பது. நீண்ட பாதை, நிறுத்தங்கள் குறைவு, பழக்கம் நிறைவு என்றால் அதுவே சிறந்தது. எனக்கு இருந்ததோ மூன்று வாரம். பாதையின் ஒரு பக்கம் தண்ணீர்.

இன்னும் இரண்டு செய்திகள் என் முடிவை உறுதி செய்தன. மழைக்குப் பின் செம்மண் கிளீட்டின் பள்ளத்தில் அடைத்துக்கொண்டு, குச்சியால் குத்தி எடுக்கும்வரை பூட்ட மறுத்தது. மற்றொன்று தம்பி. சனிக்கிழமைகளில் பால் சொசைட்டிக்குக் கேனை மாட்டிக்கொண்டு என் சைக்கிளைத்தான் எடுத்துப் போவான். பூட்டுப் பெடல் ஒரு கைக்குள் அடங்கும் அளவே உள்ளது. ரப்பர் செருப்போடு அதில் கால் நிற்காது. “அக்கா, இது உங்காலுக்கு மட்டும்தான் சைக்கிளா?” என்றான் அவன். நம் வீடுகளில் சைக்கிள் ஒருவர் உடைமையன்று, குடும்பத்தின் உடைமை. ஒரு பக்கம் பூட்டும் மறுபக்கம் தட்டையுமாக அமைந்த பெடலும் கடையில் உண்டு. ஆனால் சரளையில் தடுமாறும் நேரத்தில் எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். என் கையிருப்புக்கும் அது எட்டவில்லை.

கையிருப்பு 4,500 ரூபாய். விடுமுறையில் காங்கேயத்துத் தேங்காய்க் களத்தில் பருப்பு உலர்த்தி ஈட்டியது. அதிலேயே தேர்வுக் கட்டணமும் கட்ட வேண்டும். அகலமான தட்டும், தட்டோடு வார்த்த முனைகளும் கொண்ட நைலான் பெடல் ஒரு சோடி 1,350 ரூபாய்க்கு வாங்கினேன். எஃகு ஆணி பதித்தது இன்னும் நன்றாகப் பற்றும்; ஆனால் தம்பியின் வெறுங்காலைக் கிழிக்கும்.

காலணிக்கு மூன்று நிபந்தனைகள் வகுத்தேன். முதலாவது, அடி கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய நாலரை மீட்டர் என்று கொண்டால், கல்லூரிக்கு வர ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 3,800 முறை மிதிக்கிறது. அடி மெல்லியதாயின் அத்தனை அழுத்தமும் பாதத்தின் ஒரே இடத்தில் இறங்கும். கெட்டி அடி அதைப் பரப்பிவிடும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுப்பது என்று முதலாண்டில் படித்தது வீண்போகவில்லை! வேலமுள்ளுக்கும் அதுவே காப்பு. இரண்டாவது, அடி தட்டையாக இருக்க வேண்டும். ஓட்டக் காலணியின் வளைந்த, பஞ்சுபோன்ற அடி பெடலில் நில்லாது. மூன்றாவது, அதே காலணியோடு வகுப்பிலும் ஆய்வகத்திலும் அமர வேண்டும். ஏனெனில் என்னிடம் இருக்கப்போவது ஒரே சோடி. மாலையில்தான் போட்டுப் பார்த்து வாங்கினேன். நாள் முழுதும் நடந்த கால் சற்றே பருத்திருக்கும், சரளையிலும் அப்படித்தான் இருக்கும். வலைத்துணி வைத்ததை ஒதுக்கினேன். நெருஞ்சி அதில் குடியேறிவிடும். கெட்டி ரப்பர் அடி வைத்த கான்வாஸ் காலணி 1,800 ரூபாய்க்கு அமைந்தது. மீதி 1,350 தேர்வுக் கட்டணத்திற்கு.

ஊர் சைக்கிள் கடை அண்ணன்தான் பெடலை மாட்ட உதவினார். “இடது பெடலுக்கு எதிர் மரை அம்மிணி. வலது மாதிரி முறுக்குனா மரை போயிரும்” என்றார். மிதிக்கும்போது பெடல் தானே கழன்றுவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. விமானம் கண்ட ரைட் சகோதரர்களும் தங்கள் மிதிவண்டித் தொழிலில், கழலாத பெடல் என்று இத்தகையதை 1900இல் விளம்பரம் செய்தார்கள். மரையில் கிரீஸ் தடவி, கையால் முழுதும் திருகிய பிறகே 15ஆம் எண் ஸ்பானரைப் போட வேண்டும் என்பதையும் அவரிடம் கற்றேன். ஒரு சாண் நாடாவைச் செருகிக்கொள்ளும் பழக்கத்தையும் அவரே சொன்னார்; வலக்கால் நாடா சங்கிலியில் சிக்கினால் எந்தப் பெடலும் காப்பாற்றாதாம்.

ஐப்பசி ஞாயிறு வந்தது. அம்மா இசைந்தார், எலுமிச்சைச் சோறும் கட்டித் தந்தார். பன்னிருவர் புறப்பட்டோம். மேடுகளில் அவர்கள் என்னை விட்டு முன்னே போனார்கள். குலுக்கும் தடங்களில் நான் காலை அடிக்கடி சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. ஓரிடத்தில் மழை கரையை அரித்து, இரண்டடி அகலமே பாதையாக விட்டிருந்தது. சுழித்தோடும் தண்ணீருக்கு அருகே ஒவ்வொருவரும் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். அங்கே மட்டும் நான் முதலாவதாக நடந்து மற்றவர்களுக்குக் கைகொடுத்தேன். 80 கிலோமீட்டர் முடிவில் பன்னிருவருள் ஒன்பதாவதாக வந்து சேர்ந்தேன். பாதத்தில் கொப்புளம் இல்லை. மறுநாள் அதே காலணியோடு முதல் மணி வகுப்பில் இருந்தேன்.

நண்பர்களே, பூட்டுப் பெடலை நான் பழிக்கவில்லை. வேலை கிடைத்து, எனக்கென்று ஒரு சைக்கிள் வாங்கும் காலத்தில், கோடையில் வாய்க்கால் வறண்டிருக்கும்போது மூன்று மாதம் பழகி, அதை மாட்டவும் கூடும். இன்றைக்கு நான் கண்டது இவ்வளவே. பெடல் வாங்கும் முன் மூன்று வினாக்களைக் கேளுங்கள். என் பாதையில் கால் எத்தனை முறை தரைக்கு வருகிறது? இறங்கிய பின் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? இந்தச் சைக்கிளில் வேறு யாருடைய கால் ஏறும்? விடைகள் உங்கள் ஊரிலும் உங்கள் வீட்டிலும் இருக்கின்றன, கடையில் இல்லை. ஒரு வாரம் ஒரு துண்டுத்தாளில் எண்ணிப் பாருங்கள். காலை எப்படிப் பிடிக்கிறது என்று கடைக்காரர் காட்டுவார். எப்படி விடுகிறது என்பதை நீங்கள்தான் சோதித்துக்கொள்ள வேண்டும். கீழே தட்டைப் பரப்பிக்கொள்ளுங்கள். தள்ளிவிட ஒரு தம்பி எல்லா வீட்டிலும் கிடைப்பான்!